கை தூக்குவதற்கு முன்: ஏலத்தில் பழம்பொருள் வாங்கத் தொடங்குபவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் வளர்ந்த எவருக்கும் ஏலம் புதிய செய்தியன்று. பட்டுக்கூடு அங்காடியில் ஒவ்வொரு குவியலையும் நூற்பாளர்கள் கையில் அள்ளிப் பார்த்து விலை கேட்பதையும், ஊராட்சிக்குச் சொந்தமான புளியமரங்களின் மகசூல் ஏலம் விடப்படுவதையும், திருவிழாவின் முடிவில் சாமிக்குப் படைத்த எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போவதையும், மீட்கப்படாத அடகு நகைகளின் ஏல அறிவிப்பு நாளிதழில் வருவதையும் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று சொல்லி முடிக்கும் அந்த முறை நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் பட்டுக்கூட்டுக்கு நேற்றைய விலை என்று ஒன்று உண்டு. நகைக்கு அன்றைய தங்க விலை உண்டு. நூறாண்டுப் பழமையான ஒரு வெண்கலப் பானைக்கோ, பர்மாத் தேக்குப் பெட்டகத்துக்கோ அப்படி ஒரு விலைப்பலகை எங்கும் தொங்குவதில்லை. அதுபோன்ற இன்னொன்று அந்தக் கூடத்தில் இருக்காது. அதைப் பற்றி நமக்கு விவரம் எழுதித் தருபவரும் விற்பவருக்காகவே வேலை செய்பவர்.

நான் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு, சென்னையிலும் பெங்களூருவிலும் நடக்கும் ஏலங்களிலும் இணையவழி ஏலங்களிலும் பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள், முகத்தலளவைப் படிகள், அச்சுப் படங்கள், நாணயங்கள் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஏலக்கூடத்தில் எப்படிக் கை தூக்குவது, எதிராளியை எப்படி முந்துவது என்பதைத்தான். என் அனுபவத்தில் விலை கேட்பது வாங்குதலின் கடைசிப் படி; அதற்கு முன்பே, பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் நாளிலேயே, வாங்கலாமா, எவ்வளவுக்கு வாங்கலாம் என்ற இரண்டும் முடிவாகியிருக்க வேண்டும். அந்தப் பார்வைக்கு வேண்டிய அறிவில் பாதி நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது என்பதால்தான், தொடக்கக்காரர்கள் ஐரோப்பியப் பீங்கானிலோ ஓவியங்களிலோ இறங்காமல், தம் பாட்டி புழங்கிய பொருள்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

பெரும்பாலான ஏல நிறுவனங்கள் ஏலத்துக்கு முன்பு பொருள்களைப் பார்வைக்கு வைக்கின்றன. அந்த நாளில் ஒரு சிறு டார்ச் விளக்கு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், காந்தம், அளவு நாடா, நாணயம் வாங்குவதாக இருந்தால் ஒரு சிறிய மின்னணு எடைக்கருவி ஆகியவற்றுடன் செல்லுங்கள். பொருளைத் தூக்கிப் பார்க்கவும் கவிழ்த்துப் பார்க்கவும் ஊழியரிடம் அனுமதி கேளுங்கள். முறையாக நடக்கும் நிறுவனங்களில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. எங்கள் ஊரில் பழைய பாத்திரங்களை எடைக்கு வாங்கி விற்கும் பெரியவர் ஒருவர், நான் இதில் இறங்கிய காலத்தில் எந்தப் பாத்திரத்தைக் காட்டினாலும், "தம்பி, முதல்ல அடியைப் பாருங்க" என்பார். அது எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம். பாத்திரத்தின் முகம் துலக்கித் துலக்கிப் பளபளப்பாக்கப்பட்டிருக்கலாம். அதன் அடிப்பகுதியில்தான் அது தரையில் உரசிய தேய்மானமும், அடுப்புக்கரியும், ஒட்டுப்போட்ட தடயமும் இருக்கும். இழுத்துப் புழங்கிய குடத்தின் அடி ஒரே சீராகத் தேய்ந்திருக்காது. ஒரு பக்கம் கூடுதலாகவே தேய்ந்திருக்கும். அரத்தால் தேய்த்துப் பழமையாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில் ஓடும்.

அடுத்ததாகப் பெயர். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது பொது வழக்கம். புள்ளி புள்ளியாக வெட்டிய அந்த எழுத்துகள் பழம்பொருள் வாங்குபவருக்குக் கிடைக்கும் அரிய சான்று. சாம்பலும் புளியும் போட்டுப் பல்லாண்டு துலக்கிய பாத்திரத்தில் எழுத்தின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். பாத்திரத்தின் உடல் தேய்ந்திருக்க எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தால், பெயரோ ஆண்டோ பின்னால் வெட்டப்பட்டது என்று கொள்ளலாம். பெயர் சுரண்டி அழிக்கப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்பது நம் உரிமை. புளி சேர்த்துச் சமைக்கும் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம், அதாவது வெள்ளீயம், பூசுவார்கள். அந்தச் சாம்பல்நிறப் பூச்சின் மிச்சம் உள்ளே இருந்தால், அது அலங்காரத்துக்காக அண்மையில் செய்யப்பட்டதன்று, சமையலில் புழங்கியது என்பதற்கு அது ஒரு நல்ல அறிகுறி. பச்சைக் களிம்பு இடுக்குகளிலும் இணைப்புகளிலும் தங்குவது இயல்பு. உடல் முழுவதும் ஒரே நிறத்தில் பரவியிருந்தால் அமிலத்தின் வேலையாக இருக்க வாய்ப்புண்டு. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம்.

படி, உழக்கு, ஆழாக்கு ஆகியவற்றைச் சேர்ப்பவர்களுக்கு முத்திரை முக்கியம். அளவு சரியானது என்று அரசு அலுவலர் சோதித்துக் குத்திய முத்திரைகள் சிலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவை அந்தப் படி கடைத்தெருவில் எவ்வளவு காலம் உழைத்தது என்பதையே சொல்கின்றன. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே லிட்டர் என்று பொறித்த அளவையை வெள்ளைக்காரர் காலத்துப் பொருள் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டியதில்லை.

மரச்சாமான்களில் ஏமாற்றம் அதிகம், ஏனெனில் பழைய மரத்தில் புதிய பொருள் செய்ய முடியும். இடித்த வீடுகளின் உத்திரமும் தூணும் கதவும் இன்று மேசைகளாகவும் கண்ணாடிச் சட்டங்களாகவும் மாறி வருகின்றன. அவை அழகாக இருக்கலாம், ஆனால் அவற்றைப் பழம்பொருள் விலைக்கு வாங்கக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மரத்தைத் துளைக்கும் வண்டு வெளியேறும்போது மேற்பரப்பில் வட்டமான சிறு துளைதான் இடும். அதன் சுரங்கப்பாதை மரத்துக்குள்ளேயே இருக்கும். மேற்பரப்பிலேயே நீளவாக்கில் வாய்க்கால்போலப் பாதை தெரிந்தால், பழைய மரம் பிற்காலத்தில் மீண்டும் அறுக்கப்பட்டது அல்லது இழைக்கப்பட்டது என்று பொருள். பெட்டகத்தின் பின்புறத்தையும் இழுப்பறையின் அடிப்பலகையையும் பாருங்கள். பழைய தச்சர்கள் கண்ணில் படாத பக்கத்தை மெருகிடுவதில்லை. கூட்டல்குறி வடிவத் தலைகொண்ட திருகாணி 1930-களுக்குப் பிறகுதான் பரவியது. 1880-இல் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் பெட்டியில் அது இருந்தால், அந்த இடம் பழுதுபார்க்கப்பட்டதா, பெட்டியே புதியதா என்பதை மற்ற ஆணிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து வீடுகளின் கூடங்களில் தொங்கிய ரவிவர்மா அச்சகப் படங்கள் இப்போது ஏலங்களில் நல்ல விலைக்குப் போகின்றன. அந்த அச்சகம் 1894-இல் மும்பையில் தொடங்கப்பட்டு, பின்னர் லோணாவாலாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்குச் சென்றது. அங்கே அச்சான படங்கள் கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் கொண்டு அடிக்கப்பட்டவை. லென்ஸ் வழியாகப் பார்த்தால் அவற்றின் புள்ளிகள் ஒழுங்கின்றி, கையால் இட்டவையாகத் தெரியும். பிற்கால ஆப்செட் அச்சில் புள்ளிகள் சிறு பூக்களைப்போல ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும். இந்த ஒரு சோதனையால் பெரும்பாலான மறுபதிப்புகளை விலக்கிவிடலாம். சட்டத்தின் பழமையைக் கண்டு படத்தின் பழமையை முடிவு செய்யாதீர்கள்; பழைய சட்டத்தில் புதிய படத்தைச் செருகுவது மிக எளிது. பளபளக்கும் பித்தளைக் குழல் வைத்த கிராமபோன்களைப் பற்றி ஒரு வரி போதும்: அவற்றுள் மிகப் பல, பல இடங்களிலிருந்து சேர்த்த உறுப்புகளைக் கொண்டு அண்மையில் கோக்கப்பட்டவை.

நாணயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835-ஆம் ஆண்டு ரூபாயிலிருந்து தொடங்கலாம். அதன் எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம் என்பது உறுதியாகத் தெரிந்த அளவு. எடை கணிசமாகக் குறைந்தாலோ, விளிம்பில் வார்ப்பின் கோடு தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது, 1947-இல் நிக்கலுக்கு மாறியது. ஆகவே ஜார்ஜ் மன்னர் தலை இருக்கிறது என்பதற்காகவே எல்லாம் ஒரே மதிப்புடையவை அல்ல. யானை பொறித்த மைசூர்ச் செப்புக்காசுகள் நம் பகுதியில் புழங்கியவை, தொடக்கக்காரர் கைக்கு எட்டுபவை. இராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து, 1818 என்றும் 1717 என்றும் ஆண்டு போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் காசு என்று இலட்சங்களில் விலை சொல்லப்படும் செப்புத் துண்டுகளைக் கம்பெனி வெளியிடவே இல்லை. அவை கற்பனைப் பொருள்கள். அவற்றுக்கு அரிசியை ஈர்க்கும் சக்தி உண்டு என்று சொல்லிப் பணம் பறிப்பதும் நடக்கிறது.

பார்வை நாளுக்குப் போக முடியாதபோது, ஏலப் பொருள்களை விவரிக்கும் கேட்டலாக்கையும் பொருளின் நிலை அறிக்கையையும் நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கேட்டலாக்கின் மொழி நுட்பமானது. ஒவ்வொரு சொல்லும் நிறுவனம் எவ்வளவு பொறுப்பேற்கிறது என்பதைக் குறிக்கும். ‘19-ஆம் நூற்றாண்டு’ என்பதும் ‘19-ஆம் நூற்றாண்டுப் பாணி’ என்பதும் ஒன்றல்ல. ஓர் ஓவியரின் பெயர் மட்டும் இருந்தால் அதற்கு ஓர் அர்த்தம். ‘இன்னாருடையது எனக் கருதப்படுவது’ என்றால் வேறு. ‘இன்னாரைப் பின்பற்றியது’ என்றால் முற்றிலும் வேறு. எங்கும் பொதுவாக இருக்கும் நிபந்தனை, பொருள் உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது என்பது. ஆகவே அடி, பின்புறம், இணைப்பு, விளிம்பு ஆகியவற்றின் கூடுதல் படங்களை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். கேட்ட படம் வராவிட்டால் அந்தப் பொருளுக்கு நான் விலை கேட்பதில்லை.

இனிப் பணம். மதிப்பீட்டு விலை என்பது நிறுவனத்தின் கணிப்பு. ரிசர்வ் விலை என்பது விற்பவர் அதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று வைத்திருக்கும், வெளியே சொல்லப்படாத தொகை. ஏலம் முடிந்த விலையின்மீது வாங்குபவர் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். 1975-இல் இலண்டனில் கிறிஸ்டீஸ், சோத்பீஸ் என்ற ஏல நிறுவனங்கள் கொண்டுவந்த இந்த வழக்கம் இன்று ஏறத்தாழ எல்லா இடங்களிலும் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு பானை 20,000 ரூபாய்க்கு உங்கள் பெயரில் முடிந்து, கட்டணம் 15 சதவீதம் என்றால் அது 3,000 ரூபாய்; அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 540 ரூபாய். 23,540 ஆகிவிட்டது. பொருளின்மீதான வரி, கட்டிப் பொதிதல், சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ ஊர் கொண்டுவரும் வண்டிக்கூலி ஆகியவை இதற்கு மேல். பெரிய மரச்சாமான் என்றால் வண்டிக்கூலியே பொருளின் விலையைத் தொட்டுவிடும். ஆகவே உங்களிடம் இருக்கும் மொத்தத் தொகையிலிருந்து இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, மிஞ்சுவதையே உச்ச விலையாகத் தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். எத்தனை நாளில் பணம் கட்ட வேண்டும், எத்தனை நாளில் பொருளை எடுக்க வேண்டும், தவறினால் வைப்புக் கட்டணம் உண்டா என்பதையும் முன்பே படித்துவிடுங்கள்.

ஏலக்கூடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதிவு செய்து, எண் வாங்கி, பின்வரிசையில் அமர்ந்து, முதல் ஏலத்தை முழுவதும் எதற்கும் விலை கேட்காமல் பாருங்கள். எந்தப் பொருளுக்கு யார் நின்றார்கள், யார் எங்கே விலகினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பழம்பொருளுக்கும் ஏலம் முடிந்த விலைதான் நம்பத் தகுந்த விலைவிவரம். தம் மனத்தை நம்ப முடியாதவர்கள் உச்ச விலையை எழுத்தில் முன்கூட்டியே கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாம். நல்ல நிறுவனங்கள் அந்தத் தொகைக்குள் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவில் உங்களுக்காகக் கேட்கும். இணையவழி ஏலத்தில் கடைசி நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் நேரம் நீட்டிக்கப்படுவது வழக்கம், ஆகவே கடைசி நொடிக்காகக் காத்திருப்பதால் பயன் ஏதும் இல்லை. வியாபாரிகள் தமக்குள் பேசிவைத்துப் போட்டியிடாமல் இருப்பதும் நடக்கும். புளியமர ஏலத்தில் நாம் கண்டதுதான் அது. அங்கே ஒரு புதியவர் உள்ளே வந்தால் அவரை அலைக்கழிக்க விலையை ஏற்றிவிடுவதும் உண்டு. தாளில் எழுதிய தொகை அந்த நேரத்தில்தான் உதவும்.

இதுவரை சொன்னவை பணம் தொடர்பானவை. இனிச் சொல்வது எனக்கு அவற்றைவிட முக்கியமானது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப்பொருள் போன்றவை தொல்பொருள்கள். அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டுகள் போதும். தொல்பொருள் வணிகம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். சிற்பங்கள், ஓவியங்கள் முதலிய குறிப்பிட்ட வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தனியார் எவரும் அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே சிற்பமோ பழைய ஓவியமோ ஏலத்துக்கு வந்தால், பதிவுச் சான்று எங்கே என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். யானைத் தந்தத்தால் ஆன எதையும், எவ்வளவு பழையதாக இருந்தாலும், கேட்கவே வேண்டாம். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்த வணிகத்தைத் தடை செய்திருக்கிறது.

நம் மாவட்டங்களில் இது ஏட்டுச் சட்டமாக நின்றுவிடக் கூடாது. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் இறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் நம் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றில் பழைய எழுத்துமுறையான வட்டெழுத்தில் ஊரின் பெயரும் அரசனின் ஆட்சியாண்டும் வீரனின் பெயரும் இருக்கும். அந்தக் கல் அந்த இடத்தில் நிற்பதே அந்த ஊரின் ஆவணம். தோட்ட அலங்காரத்துக்கு என்று யாராவது ஒரு நடுகல்லை விலைபேசினால், ஏலமாக இருந்தாலும் தனிப்பட்ட விற்பனையாக இருந்தாலும், அதை வாங்குவது ஓர் ஊரின் நினைவைப் பிடுங்கி எடுப்பதற்குத் துணைபோவதாகும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கும் சென்று நடுகற்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன்பிறகு அவற்றுக்கு விலை கேட்கும் எண்ணம் எவருக்கும் வராது.

மண்ணுக்குள்ளிருந்து வந்த பொருள்களும் அப்படியே. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு, தமிழகத்தில் இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை கொண்டுசென்றதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்தைச் சொன்னது இரும்புத் துண்டு தனியாக அன்று. அது கிடந்த மண்ணடுக்கும், அந்த அடுக்கிலிருந்து எடுத்த மாதிரிகளும் சேர்ந்துதான் சொல்லின. யாரோ தோண்டி எடுத்து ஓர் ஏலத்தில் ‘பழைய இரும்புக் கத்தி’ என்று விற்றிருந்தால், அது துருப்பிடித்த இரும்பாகவே முடிந்திருக்கும். உழும்போது காசுக்குடம் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எந்தப் புதையலுக்கும் அது பொருந்தும். ‘எங்கள் நிலத்தில் கிடைத்தது’ என்று சொல்லி விற்க வருபவரிடம் வாங்குபவர் பொருளோடு வழக்கையும் வாங்குகிறார்.

ஒரு பொருள் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்ற கைமாறல் வரலாறு விலையையும் தீர்மானிக்கும், மானத்தையும் தீர்மானிக்கும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதனுடன் வந்த கைமாறல் ஆவணங்கள் போலியானவை. 2014-இல் திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனமே ஆவணத்தைச் சரிபார்க்காமல் ஏமாறும்போது, ஒரு தனி மனிதர் ஆவணமே இல்லாத திருமேனியை வாங்குவதை எதைக்கொண்டு நியாயப்படுத்த முடியும்?

இதன் மறுபக்கத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 1792-இல் கம்பெனியின் கைக்குப் போகும்வரை பாராமகால் என்ற இந்தப் பகுதி ஹைதர், திப்பு ஆட்சியில் இருந்தது. ஆகவே இங்கே துருப்பிடித்த எந்த வாளையும் திப்பு காலத்தது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. 2023 மே மாதம் இலண்டனில் பான்ஹாம்ஸ் நிறுவனம் திப்புவின் படுக்கையறை வாளை ஏலம் விட்டது. மதிப்பீடு 15 முதல் 20 இலட்சம் பவுண்டு. வாங்குபவர் கட்டணம் உட்பட அது விற்றது ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பவுண்டுக்கு. திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799-இல் பிரிட்டிஷ் தளபதி டேவிட் பேர்டுக்கு அது பரிசாகக் கொடுக்கப்பட்டது என்ற செய்தி வாளிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. சான்றோடு வந்த வாளுக்குக் கிடைத்த விலையை, வாய்மொழிக் கதையோடு வரும் வாளுக்கு அளவுகோலாக யாரும் காட்ட இடம் கொடுக்காதீர்கள். கொள்ளையிலிருந்து பிறந்த கைமாறல் வரலாறும் விலையை ஏற்றுகிறது என்பது எனக்கு இன்னும் நெருடலாகவே இருக்கிறது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

வாங்கிய பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் எலுமிச்சையும் உப்பும் போட்டுத் துலக்கத் தோன்றும். வேண்டாம். நாணயத்தைத் தேய்த்தால் அதன் மதிப்பில் பெரும்பகுதி அன்றே போய்விடும். பித்தளையிலும் வெண்கலத்திலும் காலம் ஏற்றிய நிறம் திரும்ப வராது. மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும். புளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்களை ஈயப்பூச்சு போன பழைய பித்தளையில் வைக்கக் கூடாது என்பதால், அதில் சமைக்க விரும்புபவர்கள் முதலில் ஈயம் பூசுபவரிடம் கொடுக்க வேண்டும். அப்படிப் பூசினால் சேகரிப்பு மதிப்பு சற்றுக் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஏல ரசீது, கேட்டலாக்கின் பக்கம், நிறுவனத்தோடு நடந்த மின்னஞ்சல், வந்த நாளில் நான்கு பக்கமும் அடியும் தெரிய எடுத்த படங்கள், வெட்டியிருந்த பெயரின் பெரிதாக்கிய படம் ஆகியவற்றை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கோப்பில் வையுங்கள். விற்றவர் தெரிவிக்கச் சம்மதித்தால் அது எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் தேதியிட்டு எழுதிவிடுங்கள். நாளை உங்கள் பிள்ளைகள் அதை விற்க நேர்ந்தாலும் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க நேர்ந்தாலும், எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அந்தக் கோப்புத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.